முதல் தடவை லினக்ஸ் பூட் ஆகாம நின்னப்போ என்ன பண்ணீங்க? உங்க அனுபவம் சொல்லுங்க

நெல்வயல்

லினக்ஸ் மின்ட் போட்டு மூணு மாசம்கூட ஆகல. ராத்திரி கரண்ட் போச்சு. காலையில ஆன் பண்ணா கறுப்புத் திரை, பிஸிபாக்ஸ்னு ஒரு வரி, அதுக்குக் கீழ அடைப்புக்குறிக்குள்ள இனிட்ராம்எஃப்எஸ் (சிஸ்டம் முழுசா எழும்பாம பாதியில நிக்குற இடம்), பக்கத்துல கர்சர் மினுக்குது. எக்ஸிட்னு அடிச்சேன். இன்னும் நாலு வரி வந்துச்சு, மறுபடி அதே இடத்துல நின்னுடுச்சு. போன்ல படம் எடுத்துக்கிட்டு சிபியூவைத் தூக்கிட்டுக் கடைக்குப் போனேன். கடைக்காரர் அந்தப் படத்தைப் பார்க்கல. "ஹார்ட் டிஸ்க் போச்சு தம்பி, ஃபார்மேட் பண்ணித்தான் ஆகணும்"னார். சரின்னுட்டேன்.

அப்பா வயல் கணக்கு நோட்டுல எழுதுறவர். நோட்டைக் கறையான் அரிக்குதுன்னு நான்தான் ராத்திரி ராத்திரியா உக்காந்து லிப்ரஆபீஸ்ல ஏத்தினேன். எந்த வருஷம் என்ன நெல்லு, எத்தனை மூட்டை, யாருக்கு எவ்வளவு கூலி பாக்கி, எல்லாம் அதுல இருந்துச்சு. அத்தனையும் போச்சு.

ஆறு மாசம் கழிச்சு அத்தை பையனோட லேப்டாப்ல அதே திரை. அவன் பயப்படல. திரையில இருந்ததை வாய்விட்டுப் படிச்சான்: "அன்எக்ஸ்பெக்டட் இன்கன்சிஸ்டன்சி, ரன் எஃப்எஸ்சிகே மேனுவலி." என்ன படிச்சானோ அந்தக் கட்டளையையே அடிச்சான், டிஸ்க்ல ஃபைல் அமைப்பைச் சோதிச்சுச் சரிபண்றது அது. எஃப்எஸ்சிகே, இடைவெளி, ஹைஃபன் ஒய் (எல்லாக் கேள்விக்கும் ஆமாம்), இடைவெளி, ஸ்லாஷ் டெவ் ஸ்லாஷ் எஸ்டிஏ2 (அவனோட பார்ட்டிஷன் பேர்). அப்புறம் ரீபூட். நாலு நிமிஷத்துல டெஸ்க்டாப் வந்துடுச்சு.

நான் என் போனை எடுத்து அந்தப் பழைய படத்தைத் தேடினேன். அதே வரி, பெரிய எழுத்துல இருக்கு. என்ன செய்யணும்னு அன்னிக்கே திரை சொல்லியிருக்கு. அந்தப் படத்தை இன்னும் அழிக்கல, அழிக்கவும் மனசு வரல.

யாழ்_இரவு

எனக்கும் உதுதான் நடந்தது, ஒருக்கா இல்லை, மூண்டு தரம். 2022 பங்குனிக் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு எண்டு அறிவிச்ச கிழமை. யூபிஎஸ் பட்டரி செத்துப்போச்சு, புதுசு வாங்க வழியில்லை. கரண்ட் வந்த உடனே உபுண்டுவைப் போட்டா எழும்பேல்லை, இனிட்ராம்எஃப்எஸ்ஸில நிக்குது.

நான் ஹைஃபன் ஒய் போடாமல் எஃப்எஸ்சிகே மட்டும் அடிச்சிட்டன். அது ஒவ்வொரு ஐநோடுக்கும் (ஒரு ஃபைலின்ரை விவரக்குறிப்பு) "சரி செய்யவோ?" எண்டு கேக்குது. நானும் ஒய், ஒய் எண்டு அமத்திக்கொண்டே இருக்கிறன். சுவர் மணிக்கூட்டைப் பாக்கிறன், கரண்ட் திரும்பப் போக இன்னும் முக்கால் மணித்தியாலம்தான் கிடக்கு. பாதியில நிண்டா என்ன ஆகுமோ எண்டு நெஞ்சு அடிச்சுது. விரல் நோகுது, கேள்வி முடியேல்லை. ஏ எண்டு ஒருக்கா அமத்தினால் மிச்சத்துக்கெல்லாம் ஓம் எண்டு எடுத்துக்கொள்ளும். அது அந்தக் கேள்விக்குப் பக்கத்திலயே எழுதியிருந்தது. நான் காணேல்லை.

கரண்ட் போக முதல் முடிஞ்சுது. ஆனா மகளின்ரை பள்ளிக்கூடப் படங்கள் லாஸ்ட்+பவுண்ட் அடைவுக்குள்ள பேரில்லாமல் வெறும் நம்பரோடை கிடந்தது. ஒவ்வொண்டாத் திறந்து பாத்துப் பேர் வைச்சன்.

வட்டுக்காவல்

முதல் பதிவைப் படிச்சுட்டு நாளைக்கு நாலு பேர் கண்ணை மூடிக்கிட்டு ஹைஃபன் ஒய் அடிப்பாங்க. அதனால சொல்றேன். எஃப்எஸ்சிகே உங்க ஃபைலைக் காப்பாத்துற கருவி இல்லை. ஃபைல் சிஸ்டத்தோட கட்டுமானத்தை ஒழுங்குபடுத்துற கருவி. ஒழுங்குக்கு வராததை வெட்டித் தள்ளிடும். யாழ் நண்பருக்குப் படங்கள் பேரில்லாம கிடைச்சது அதனாலதான்.

என்னோட டிஸ்க் டிக் டிக்னு சத்தம் போட்டுக்கிட்டு இருந்தப்பவே எஃப்எஸ்சிகே ஓட்டினேன். பாதியில அந்தச் சத்தமும் நின்னுபோச்சு. டிஸ்க் அதோட எந்திரிக்கல. என் கதை அவ்வளவுதான்.

முதல்ல லைவ் யூஎஸ்பி (டிஸ்க்கைத் தொடாம யூஎஸ்பியில இருந்தே ஓடுற லினக்ஸ்) போட்டு பூட் பண்ணுங்க. ஸ்மார்ட்சிடிஎல் நிறுவி, ஹைஃபன் ஏ போட்டு டிஸ்க்கோட உடம்பைப் பாருங்க. 5, 197, 198 எண் போட்ட வரிகளைத் தேடுங்க, கடைசியில இருக்குற மதிப்பு சைபரா இருக்கணும். ஏறியிருந்தா வேற எதுவும் செய்யாதீங்க. டிடிரெஸ்க்யூ வெச்சு இன்னொரு டிஸ்க்குக்கு முழுசா நகல் எடுங்க, மேப் ஃபைல் கொடுக்க மறக்காதீங்க. நடுவுல நின்னா விட்ட இடத்துல இருந்து தொடரலாம். எஃப்எஸ்சிகேயை அந்த நகல் மேல ஓட்டுங்க. டிஸ்க் நல்லா இருந்தாலும் முதல்ல ஹைஃபன் என். அது எதையும் தொடாது, என்ன கோளாறுன்னு மட்டும் சொல்லும். மவுன்ட் ஆகியிருக்குற, அதாவது சிஸ்டம் பயன்படுத்திக்கிட்டு இருக்குற பார்ட்டிஷன்ல ரிப்பேர் ஓட்டவே கூடாது. எஸ்டிஏ2ன்னு அப்படியே அடிக்காதீங்க, பிஎல்கேஐடி அடிச்சு உங்க பார்ட்டிஷன் எதுன்னு பாருங்க, என்விஎம்இ டிஸ்க்ல பேரே வேற மாதிரி இருக்கும். பிடிஆர்எஃப்எஸ்ங்கிற வேற வகை ஃபைல் சிஸ்டம் போட்டவங்களுக்கு இந்த எஃப்எஸ்சிகே பொருந்தாது, அதுல செக் ரிப்பேர்ங்கிறது கடைசிக்கும் கடைசி.

இன்னொண்ணு. கடைக்காரர் சொன்னது தப்புன்னு நீங்க எப்படி முடிவு பண்ணீங்க? டிஸ்க் உண்மையிலேயே போயிருக்கலாமே.

பரண்மேல்

வட்டுக்காவல் சொல்றது சரிதான். ஆனா டிஸ்க்குல ஒண்ணுமே இல்லாமலும் இதே வரி வரும். அக்காவுக்கு ப்ளஸ் டூவுல அரசு கொடுத்த லேப்டாப் ரொம்ப வருஷம் பரண்மேல கிடந்துச்சு. எடுத்துத் துடைச்சு ஒரு லேசான லினக்ஸ் டிஸ்ட்ரோ போட்டேன். முதல் நாள் நல்லா ஓடுச்சு. மறுநாள் சார்ஜர் செருகி ஆன் பண்ணா "சூப்பர்பிளாக் லாஸ்ட் மவுன்ட் டைம் இஸ் இன் த ஃபியூச்சர்", அதுக்குக் கீழ அதே எஃப்எஸ்சிகே வரி. சரி பண்ணுவேன், மறுநாள் திரும்ப வரும். நாலு நாள் இப்படியே போச்சு. அஞ்சாம் நாள்தான் பயாஸுக்குள்ள போய்த் தேதியைப் பார்த்தேன். ஜனவரி 1, அதுவும் அந்த லேப்டாப் செய்யறதுக்கு முன்னாடி இருந்த ஏதோ ஒரு வருஷம். உள்ள இருக்குற சின்ன பேட்டரி செத்துட்டதால சார்ஜரை உருவினா கடிகாரம் பழைய காலத்துக்குப் போயிடுது. நேத்து எழுதினது அதுக்கு எதிர்காலமாத் தெரியுது. பிரவுசர்ல எந்தத் தளமும் சான்றிதழ் சரியில்லைன்னு திறக்காம இருந்ததும் இதே காரணம்தான். அந்தப் பேட்டரியை மாத்தி பயாஸ்ல தேதி வெச்சேன், அதோட நின்னுச்சு. அக்கா இப்போ அதுலதான் பசங்களுக்கு டியூஷன் எடுக்குறாங்க.

சிவப்பு_நட்சத்திரம்

எனக்கு வேற திரை. ரெண்டாவது டிஸ்க்கைக் கழட்டி நண்பருக்குக் கொடுத்துட்டேன், எஃப்எஸ்டேப்ல (பூட் ஆகும்போது எந்தெந்த டிஸ்க்கைச் சேர்க்கணும்னு இருக்குற பட்டியல்) அதோட வரியை எடுக்கல. "ஏ ஸ்டார்ட் ஜாப் இஸ் ரன்னிங்", சிவப்பு நட்சத்திரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுது, பக்கத்துல நொடி எண்ணுது. 1 நிமிஷம் 30 நொடி. அது முடிஞ்சதும் எமர்ஜென்சி மோட். பாஸ்வேர்டு கொடுத்து நானோ எடிட்டர்ல எஃப்எஸ்டேப்பைத் திறந்து அந்த ஒரே வரியை எடுத்தேன், எல்லாம் சரியாச்சு. கழட்டி மாட்டுற டிஸ்க்னா அதோட எஃப்எஸ்டேப் வரியில நோஃபெயில்னு ஒரு சொல் சேர்த்துடுங்க, டிஸ்க் இல்லைன்னாலும் பூட் ஆகிடும். அந்த ஒன்றரை நிமிஷத்துல ஊருக்குப் போன் போட்டு அம்மாகிட்ட, எல்லாம் போயிடுச்சுன்னு சொல்லிட்டேன்.

நெல்வயல்

வட்டுக்காவல் அண்ணா, ஃபார்மேட் பண்ணி அதே டிஸ்க்கைத்தான் திருப்பிக் கொடுத்தாங்க. இன்னிக்கு வரைக்கும் அதுலதான் ஓடுது. நீங்க சொன்ன ஸ்மார்ட்சிடிஎல்லை இப்பதான் ஓட்டினேன். 5, 197, 198, மூணும் சைபர்.

வட்டுக்காவல்

அப்படின்னா கடையில சொன்னது தப்பு. நான் கேட்ட விதமும் தப்பு, மன்னிச்சுக்கோங்க. அது சுத்துற ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டியா? எஸ்எஸ்டின்னா ட்ரிம் ஓடி அழிச்ச இடத்தைத் துடைச்சிருக்கும், கிடைக்கிறது கஷ்டம். ஹார்ட் டிஸ்க்னா மேல எழுதப்படாத இடத்துல பழைய ஃபைல் கொஞ்சம் மிச்சம் இருக்கலாம். போட்டோரெக் தேடிப் பார்க்கும். பேர்ல போட்டோ இருந்தாலும் லிப்ரஆபீஸ் ஃபைலையும் எடுக்கும். பழைய ஃபைல் பேர் வராது. எத்தனை கிடைக்கும்னு வாக்குக் கொடுக்க மாட்டேன்.

நெல்வயல்

ஹார்ட் டிஸ்க்தான், 500 ஜிபி. பெரியப்பா வீட்டுல 1 டிபி வெளி டிஸ்க் ஒண்ணு இருக்கு, கேட்டு வாங்கிடுவேன். ஞாயித்துக்கிழமை உக்காரலாம்னு இருக்கேன். எவ்வளவு நேரம் ஆகும்?

வட்டுக்காவல்

பழைய யூஎஸ்பி 2 போர்ட்ல செருகினா நகல் எடுக்கவே நாலஞ்சு மணி நேரம், நீல நிற போர்ட் இருந்தா அதுல செருகுங்க. கரண்ட் போகாத நேரமாப் பார்த்து ஆரம்பிங்க. ஞாயிறு வரைக்கும் அந்தக் கம்ப்யூட்டரை ஆன் பண்ணாதீங்க. அப்டேட்கூட வேண்டாம். இப்பவே நிறுத்திடுங்க.