இருட்டிலும் நேரம் அறியும் தொட்டாற்சுருங்கி

கேள்வி: திருகோணமலையில் உயர்தரப் பிள்ளைகளுக்கான செய்முறை. தொட்டாற்சுருங்கிச் சாடியை அலுமாரிக்குள் பூட்டினாலும் விடிய இலை விரிகிறது. பிறகு அசைவு மங்கிவிடுகிறது. ஏன்?

பதில் 1: விரிவது செடிக்குள் தானாக ஓடும் உள்கடிகாரத்தால். 1729இலேயே பிரெஞ்சு விஞ்ஞானி தெ மைரான் இதை அறிவித்தார். மங்குவது பட்டினியால், ஒளி இல்லாமல் மாச்சத்துத் தீர்ந்துவிடும். இருட்டை விட்டு, 24 மணிநேரமும் மங்கலான விளக்கில் வையுங்கள். 1832இல் சுவிஸ் தாவரவியலாளர் தெ கண்டோல் தொடர்ந்த விளக்கொளியில்தான் பார்த்தார்: விரிந்து மடியும் சுழற்சி 22–23 மணிநேரம். ஆகவே இலை நாளுக்கு ஒன்றிரண்டு மணிநேரம் முந்தி விரியும். அந்த முந்தல்தான் உள்கடிகாரத்துக்கு உண்மையான சான்று, அதைக் குறியுங்கள்.

பதில் 2: தகரக் கூரை அறை வேண்டாம். நம்மூர்ப் பகல் வெக்கையும் இரவுத் தணிவுமே கடிகாரத்தைத் திருத்திவிடும். பகல் வெளிச்சம் புகாதபடி சாவித் துவாரத்துக்குக் கறுப்பு டேப் ஒட்டுங்கள். தண்ணீரைத் தினமும் ஒரே நேரத்தில் ஊற்றாதீர்கள், இலையில் கை படவும் கூடாது.

பதில் 3: அசைப்பது காம்படிப் புடைப்பு. பொட்டாசியம் அயன் இடம்மாற, நீர் பின்தொடரும். ஒரு பக்கக் கலங்கள் தளரும், இலை மடியும்.