கொழும்புக்குக் குடிவந்திருக்கும் பெற்றோருக்கு: பிள்ளையிடம் கஞ்சாவைப் பற்றிக் கேட்கும் விதம்

வீடு, விசா, பள்ளி அனுமதி பற்றியெல்லாம் பலரும் விரிவாகப் பேசிவிட்டார்கள். பதின்ம வயதுப் பிள்ளைகளோடு தமிழ்நாட்டிலிருந்து வந்திருப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது வேறொன்று. என் மகனின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

மதுரையிலிருந்து கொழும்பின் வெள்ளவத்தைக்கு நாங்கள் வந்த இரண்டாம் ஆண்டில் அவனுக்கு 15 வயது. சாப்பிடக் கூப்பிட்டால் கதவைத் திறக்க மாட்டான், காலையில் எழுப்பவே முடியாது, கணக்கில் மதிப்பெண் சரிந்தது. பழைய நண்பர்களைப் பிரிந்த ஏக்கம் என்றே முதலில் நினைத்தோம். ஊர் மாறி வந்த பிள்ளையிடம் இந்த அறிகுறிகள் ஏக்கத்தாலும் வரும், மனச்சோர்வாலும் வரும், போதையாலும் வரும் என்பதுதான் இதிலுள்ள சிக்கல். சட்டையை முகர்ந்து பார்த்தேன், வாடை எதுவுமில்லை. மருத்துவர் ஒருவரிடம் அழைத்துப் போனபோது, நான் பக்கத்து நாற்காலியில் இருக்கையிலேயே அவர், "தம்பி, கஞ்சா குடிக்கிற பழக்கம் ஏதும் இருக்கோ?" என்று கேட்டார். இல்லை என்றான். அவன் பொய் சொல்லவில்லை, ஏனென்றால் அவன் புகைத்ததே இல்லை. மதன மோதகம் என்ற பெயரில் இங்கே புழங்கும், கஞ்சா சேர்ந்த லேகிய உருண்டையை மென்றுகொண்டிருந்தான்.

சில மாதங்கள் கழித்துப் பார்த்த இன்னொரு மருத்துவர் முதலில் என்னை வெளியே அனுப்பினார். உயிருக்கு ஆபத்து என்றாலொழிய எதையும் அம்மாவிடம் சொல்ல மாட்டேன் என்று அவனுக்கு வாக்குக் கொடுத்துவிட்டு, கடந்த 12 மாதங்களில் எத்தனை நாள், புகையாகவோ ஆவியாகவோ தின்பண்டமாகவோ, என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார். நண்பர்களோடு அவன் பேசும் மொழி அதுதான். அவர் பயன்படுத்தியது மது, போதைப் பழக்கத்தை அறிய உதவும் கிராஃப்ட் (CRAFFT) என்ற வினாத்தொகுப்பு. 12 முதல் 21 வயது வரையுள்ளவர்களுக்கானது. போதையில் இருந்தவர் ஓட்டிய வண்டியில் ஏறியதுண்டா, மனம் இளகவோ கூட்டத்தோடு ஒட்டவோ எடுத்ததுண்டா, தனியாக எடுத்ததுண்டா, செய்தது மறந்துபோனதுண்டா, வீட்டாரோ நண்பர்களோ குறைக்கச் சொன்னதுண்டா, அதனால் வம்பில் மாட்டியதுண்டா என்று 6 கேள்விகள். இரண்டுக்கோ அதற்கு மேலோ ஆம் என்றால் விரிவாகப் பார்க்க வேண்டும் என்று பொருளே தவிர, நோய் உறுதியாகிவிட்டது என்று பொருளல்ல.

பிரான்சில் உருவான காஸ்ட் (CAST) என்ற வினாத்தொகுப்பு கஞ்சாவுக்கென்றே உள்ளது. அதன் முதல் கேள்வி, நண்பகலுக்கு முன் எடுத்ததுண்டா என்பது. விளையாட்டாகத் தொட்டவனையும் அதில்லாமல் நாளைத் தொடங்க முடியாதவனையும் பிரித்துக் காட்ட இதைவிடக் கூர்மையான கேள்வி இல்லை என்று நான் நினைக்கிறேன். என் மகன் காலையில் பள்ளி வேனில் ஏறுமுன் பாதி உருண்டையை வாயில் போட்டுக்கொண்டிருந்தான். மீதிப் பாதி, காகிதத்தில் சுற்றி, ஜியோமெட்ரி பெட்டியில் காம்பஸுக்கு அடியில்.

சிறுநீர்ப் பரிசோதனையை வீட்டில் செய்யாதீர்கள். அடிக்கடி எடுப்பவர்களிடம் கஞ்சாவின் தடயம் வாரக்கணக்கில் தங்கும், ஆனால் எவ்வளவு, எப்போது, ஏன் என்பதைப் பரிசோதனை சொல்லாது. பிள்ளையின் நம்பிக்கை மட்டும் போய்விடும். இலங்கையில் கஞ்சாவை வைத்திருப்பதே குற்றம் என்பதை அச்சுறுத்தலாக அல்லாமல் தகவலாகச் சொல்லிவையுங்கள். தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபையை 1927 என்ற எண்ணிலும், மனநல உதவியை 1926 என்ற எண்ணிலும் அழைக்கலாம்.

மருத்துவரிடம் நேரம் வாங்குவதை இங்கே சேனல் செய்வது என்பார்கள். சேனல் செய்யும்போதே, பிள்ளையைத் தனியாகப் பார்ப்பாரா என்று கேட்டுவிடுங்கள். மாட்டார் என்றால் வேறொருவரைத் தேடுங்கள்.