புதுப்பிப்பு: மருந்துத் துறைக் கண்காட்சியில் நடப்புப் போக்குகளை இனங்காணுதல்

மருந்துத் துறை வணிகக் கண்காட்சிக்கு முதன்முறையாகச் செல்பவர், விளம்பர ஆரவாரத்துக்கு நடுவே உண்மையான போக்குகளை எப்படி இனங்காண்பது என்று இங்கே கேட்டிருந்தேன். விடையளித்த அனைவருக்கும் நன்றி.

இயந்திர அரங்குகளில் தொடங்கி, "இன்று ஆர்டர் கொடுத்தால் எப்போது கிடைக்கும்?" என்று கேட்கச் சொன்ன யோசனைதான் பலனளித்தது. கையேடுகள் எல்லாவற்றையும் புதுமை என்றே கூறுகின்றன. காத்திருப்புக் காலம் நீளும் இடத்திலோ பணம் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருக்கிறது. அப்படிக் கேட்டபோது முன்நிற்பவையாகத் தெரிந்தவை, முன்நிரப்பிய சிரிஞ்சுகளையும் பேனா வடிவ ஊசிகளுக்குள் பொருத்தும் மருந்துக் குப்பிகளான கார்ட்ரிட்ஜ்களையும் நிரப்பும் இயந்திரங்கள். நீரிழிவுக்கும் உடல் எடைக் குறைப்புக்கும் தரப்படும் செமாகுளுடைடு போன்ற ஜிஎல்பி-1 மருந்துகளின் தேவையே இதற்குக் காரணம் என்று விற்பனையாளர்கள் தயங்காமல் சொன்னார்கள். அடுத்ததாக, மனிதர்களையும் கிருமியற்ற பகுதியையும் முற்றிலும் பிரித்துவைக்கும் ஐசோலேட்டர்கள். கிருமியற்ற மருந்து உற்பத்திக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் நல்ல உற்பத்தி நடைமுறை (ஜிஎம்பி) வழிகாட்டுதலின் திருத்தப்பட்ட இணைப்பு 1 (Annex 1), 2023 ஆகஸ்ட் 25 முதல் நடைமுறைக்கு வந்ததை ஏறத்தாழ ஒவ்வொரு அரங்கிலும் மேற்கோள் காட்டினார்கள்.

எந்தத் தலைப்பு அதிகம் வருகிறது என்று கருத்தரங்க உரைகளை எண்ணிப் பார்க்கச் சொன்ன யோசனை எனக்கு உதவவில்லை. அங்கே பல உரைகள் கட்டணம் செலுத்திய நிறுவனங்களுடையவை. எதிர்பாராதது ஒன்றும் உண்டு: மருந்தைத் தொகுதி தொகுதியாக அல்லாமல் இடைவிடாமல் தயாரிக்கும் தொடர் உற்பத்தி முறைக்கு, மருந்து விதிகளை நாடுகளிடையே ஒருங்கிணைக்கும் ஐசிஎச் அமைப்பின் க்யூ13 வழிகாட்டுதல் 2022-இலேயே ஏற்கப்பட்டிருந்தும், அந்த முறை மேடைப் பேச்சில் நிறைந்திருந்த அளவுக்கு இயந்திரமாகக் கண்ணில் படவில்லை.