டெஸ்க்டாப்புக்கும் பிட்லாக்கர் வேண்டுமா?

கோவை_அட்மின்:
எங்களிடம் 140 மெஷின். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததால் எல்லாவற்றையும் 11-க்கு மாற்றினோம். எல்லாவற்றிலும் பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கில் உள்ளதை மறைகுறியாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதி, போடச் சொல்கிறது நிர்வாகம். லேப்டாப்புக்கு சரி. பூட்டிய அறைக்குள் இருக்கும் டெஸ்க்டாப்புக்கு எதற்கு? போன மாதம் பயாஸ் (மெஷினை பூட் செய்யும் அடிப்படை மென்பொருள்) அப்டேட் போட்டோம். மறுநாள் காலை 11 மெஷின் டிஸ்க்கைத் திறக்க 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு நீலத் திரையில் நின்றன. அக்கவுண்ட்ஸ் பிரிவில் அரை நாள் வேலை போனது. டெஸ்க்டாப்பில் இதை எடுத்துவிடலாம் என்பது என் முடிவு.

மறைகுறி:
நண்பரே, அது அதன் வேலையைத்தான் செய்திருக்கிறது. டிஸ்க்கைத் திறக்கும் சாவியை மெஷினுக்குள் இருக்கும் டி.பி.எம். என்ற பாதுகாப்புச் சிப் காக்கிறது. பூட் ஆகும் விதம் முன்பு பதிந்த அளவீட்டோடு ஒத்துப்போனால்தான் சாவியை விடும். பயாஸ் அப்டேட்டில் அந்த அளவீடு மாறிவிடலாம். முதலில் பிட்லாக்கரை சஸ்பெண்ட் (தற்காலிக நிறுத்தம்) செய்திருந்தால் இந்தத் தொல்லை வந்திருக்காது. அப்புறம், பூட்டிய அறை என்கிறீர்கள். பழுதான டிஸ்க்கை வாரண்டிக்கு அனுப்பும்போதும், பழைய டெஸ்க்டாப்பை ஸ்கிராப்புக்குப் போடும்போதும் அந்த அறையும் கூடவே போகுமா?

கோவை_அட்மின்:
சஸ்பெண்ட் செய்யவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2024 ஜூலை 19-ஐ நினைத்துப் பாருங்கள். பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்டிரைக்கின் தவறான அப்டேட்டால் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் படுத்துவிட்டன. இது மைக்ரோசாஃப்ட் சொன்ன கணக்கு. சேஃப் மோடில் (அத்தியாவசியமானவை மட்டும் இயங்கும் பூட்) போய் ஒரு ஃபைலை அழித்தால் போதும், சரியாகிவிடும். பிட்லாக்கர் இருந்த மெஷினில் அதற்கும் கீ வேண்டியிருந்தது. கீயை வைத்திருந்த சர்வரே விழுந்துகிடந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

சர்வர்_ரூம்:
டி.பி.எம். மட்டும் இருந்தால் லேப்டாப்புக்கே போதாது. 2024 பிப்ரவரியில் ஓர் ஆய்வாளர் ராஸ்பெரி பை பிக்கோ என்ற சின்ன எலக்ட்ரானிக் போர்டை வைத்து, ஒரு பழைய லேப்டாப்பின் பிட்லாக்கர் சாவியை 43 வினாடிக்குள் எடுத்துக் காட்டினார். அதில் டி.பி.எம். தனிச் சிப். அதிலிருந்து பிராசஸருக்கு சாவி மறைக்கப்படாமலே போகிறது, வழியில் ஒட்டுக்கேட்டுவிட்டார். பூட் ஆகும்போது பின் நம்பர் கேட்கும்படி வையுங்கள்.

மறைகுறி:
லேப்டாப்புக்கு பின் நம்பர், முழுச் சம்மதம். டெஸ்க்டாப்பில் வைத்தால் இரவில் பேட்ச் போட்டு ரீபூட் ஆகும் மெஷின் காலையில் ஆள் வரும்வரை காத்துக்கிடக்கும். கோவை நண்பர் கேட்டது நியாயமான கேள்வி. கீ ஆக்டிவ் டைரக்டரியில் (நிறுவனத்தின் மெஷின், பயனர் விவரங்களை வைத்திருக்கும் மையப் பதிவேடு) சேர்ந்த பிறகே பிட்லாக்கர் இயங்க வேண்டும் என்று, எல்லா மெஷினுக்கும் ஒரே இடத்திலிருந்து விதி போடும் குரூப் பாலிசியில் ஒரு அமைப்பு உண்டு. அதைப் போடுங்கள். அந்தப் பதிவேட்டை வைத்திருக்கும் சர்வர்களான டொமைன் கன்ட்ரோலர்களின் கீயை மட்டும் பிரிண்ட் எடுத்து இரும்புப் பெட்டியில் வையுங்கள். அவை எழுந்துவிட்டால் மற்ற கீயெல்லாம் கிடைத்துவிடும்.

கோவை_அட்மின்:
இப்போதுதான் ஆக்டிவ் டைரக்டரியில் பார்த்தேன். 140-இல் 23 மெஷினுக்கு கீ பதிவே இல்லை. அதில் 9 லேப்டாப். டெஸ்க்டாப் பற்றி என் கருத்து இன்னும் மாறவில்லை, ஆனால் இந்த 23-ஐ இன்றே முடித்துவிட்டு வருகிறேன்.