பழைய கேசியோ எஃப்-91டபிள்யூ கைக்கடிகாரம்: புது பற்றரி போட்டும் சரியாக ஓடவில்லை

அட்டன் வாசகர்:
சந்தையில் மலிவாக வாங்கிய எஃப்-91டபிள்யூ. புது பற்றரி போட்டும் இலக்கங்கள் பாதிதான் தெரிகின்றன, அலாரச் சத்தமும் இல்லை. போர்ட் (உள்ளே இருக்கும் மின்சுற்றுப் பலகை) போய்விட்டதா அண்ணன்மாரே?

பண்டாரவளை:
போர்ட் லேசில் போகாது தம்பி. பற்றரி சிஆர்2016தானா? அதன் தடிப்பு 1.6 மில்லிமீற்றர், அதைவிடத் தடித்த சிஆர்2025 போட்டால் பின்மூடி சரியாக உட்காராது. பிறகு ரீசெட், அதாவது கடிகாரத்தை மீளத் தொடங்க வைப்பது. 'ஏசி' என்று எழுதிய தொடுபுள்ளியையும் பற்றரியின் பிளஸ் பக்கத்தையும் உலோக இடுக்கியால் 2 செக்கன் இணையுங்கள். பற்றரி மாற்றும் ஒவ்வொரு முறையும் இது வேண்டும், பலர் விட்டுவிடுகிறார்கள்.

சத்தத்துக்குக் காரணம் அநேகமாக ஸ்பிரிங். பின்மூடியில் ஒட்டியிருக்கும், ஒலி எழுப்பும் பஸருக்கு மின்சாரம் போவது மிகச் சிறிய ஒரு ஸ்பிரிங் வழியாகத்தான். மூடியைக் கழற்றும்போது அது தெறித்துவிடும். வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வைத்துத் திறவுங்கள்.

நுவரெலியா:
பாதி இலக்கத்துக்கு: திரைக்கும் போர்டுக்கும் நடுவில், திரைக்கு மின்சாரம் கொண்டுபோகும் வரிவரியான ரப்பர் பட்டி இருக்கும். அதில் அழுக்கோ விலகலோ இருந்தால் இப்படித்தான் ஆகும். ஐசோபுரோப்பைல் அற்ககோல் நனைத்த பஞ்சால் பட்டியையும் போர்டின் தொடுகோடுகளையும் மெதுவாகத் துடையுங்கள். திரையின் முகப்பில் படவிடாதீர்கள், போலரைசர் (இலக்கங்களைத் தெரியவைக்கும் படலம்) கெடும்.

நம் பக்கத்து மூடுபனி நாளில் மூடினால் ஈரக்காற்று உள்ளே சிக்கி, குளிரில் கண்ணாடி வேர்க்கும். வெயில் நாளில் மூடுங்கள், பின்மூடியின் ரப்பர் வளையத்துக்குச் சிலிக்கோன் கிறீஸ் மெல்லியதாகப் பூசி.

அட்டன் வாசகர்:
ஸ்பிரிங்தான் இல்லை அண்ணா. பழுதான இன்னொன்றிலிருந்து எடுக்கலாமா?

பண்டாரவளை:
அதே 593 மொடியூலாக (கடிகாரத்தின் உள் இயந்திரத் தொகுதி) இருந்தால் தாராளமாக.