ஒத்தக் கையும் ஆடிக் காத்தும்

ஒரு கையை விட்டுட்டு சைக்கிள் ஓட்டுறதைச் சின்னப் பிள்ளைங்க வித்தையாத்தான் எல்லாரும் நினைக்கிறாங்க. எனக்கு அது அன்றாடத் தேவை. வேலை வள்ளியூரில், வீடு பணகுடிப் பக்கம். சாயந்தரம் திரும்பும்போது எங்க தெருவுக்கு வலப்பக்கம் ஒடிக்கணும். பின்னால வர்றவங்களுக்குக் கை காட்டாம ஒடிக்கிறது உயிரோட விளையாடுறது.

சொல்லிக்கொடுத்தது எங்க ஊர்ப் பனையேறித் தாத்தா ஒருத்தர். கேரியரில் பதனீர் கேனைக் கட்டிக்கிட்டு, இடது கை ஹேண்டில்பாரில் சும்மா கிடக்க, வலது கையால தலைத்துண்டை இறுக்கிக்கிட்டே போவாவ. நான் பழகுறதைப் பார்த்துட்டு இறங்கி வந்து, "ஏ பிள்ள, கையில ஊனாத. இடுப்புல உக்காரு"ன்னாவ.

அதுதான் முழு விஷயமும். ரெண்டு கையாலயும் ஊனி ஓட்டுறப்போ ஒண்ணை ஒண்ணு சரிக்கட்டிரும். ஒரு கையை எடுத்தா மிச்சக் கையோட பாரம் ஹேண்டிலைத் திருப்பிரும். இடது கை முன்னால தள்ளுச்சுன்னா சக்கரம் வலப்பக்கம் போகும். அதனால முதல்ல ரெண்டு உள்ளங்கையும் பிடியில இருக்க, விரலை மட்டும் விரிச்சு ஓட்டச் சொன்னாவ. அப்புறம் வலது கையைத் தொடையில வைக்கணும். கடைசியாத்தான் வெளியே நீட்டணும். முழங்கையை விறைக்கக் கூடாது. ரொம்ப மெதுவாப் போனா ஆட்டம் கூடும். கொஞ்சம் வேகம் இருந்தா, சாயுற பக்கம் முன்சக்கரம் தானாத் திரும்பி வண்டி நிமிர்ந்துக்கும்.

பிரேக்கையும் யோசிக்கணும். என் சைக்கிளில் வலது பிரேக் முன்சக்கரத்துக்கு. வலது கையை நீட்டுறப்போ பின் பிரேக் மட்டும்தான் கைவசம். அதனால ரெண்டு பிரேக்கும் பிடிச்சு வேகத்தைக் குறைச்சு, திரும்பிப் பார்த்து, கை காட்டி, கையைப் பழையபடி பிடியில வச்ச பிறகே ஒடிப்பேன்.

ஆனா நம்ம பக்கத்துப் பெரிய சோதனை ஆனி, ஆடிக் காத்து. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியா வர்ற அந்தக் காத்தை நம்பித்தானே முப்பந்தல், காவல்கிணறு சுத்துவட்டாரம் முழுக்கக் காத்தாலை நிக்குது! மேற்கே இருந்து அடிக்கிறதால, காலையில வடக்கே போறப்போ இடப்பக்கம் இருந்து தள்ளும், சாயந்தரம் தெற்கே வர்றப்போ வலப்பக்கம் இருந்து தள்ளும். பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான். ஆனா சாயந்தரம்தான் ஆபத்து. காத்துக்கு எதிரா நாம மேற்கே, அதாவது ரோட்டு நடுப்பக்கம் சாஞ்சு ஓட்டிட்டு இருப்போம். ஒரு லாரி வலப்பக்கமா முந்தும்போது காத்தை அப்படியே மறைச்சிரும். தாங்கிட்டிருந்த காத்து போனதும் வண்டி லாரிப் பக்கம் இழுக்கும். லாரி கடந்ததும் மறுபடி ஓங்கி அடிக்கும். அந்த ரெண்டு நொடியும் ரெண்டு கையும் ஹேண்டிலில் இருந்தே ஆகணும். பின்னால பெரிய வண்டி சத்தம் கேட்டா நான் கையை எடுக்கவே மாட்டேன். போகவிட்டுத்தான் காட்டுவேன். காத்து மிஞ்சினா இறங்கி உருட்டிக்கிட்டே ரோட்டைக் கடப்பேன்.

இப்போ பதினொண்ணாம் வகுப்பில் அரசு சைக்கிள் வாங்கின அக்கா மகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கையை விட்டு நேரா ஓட்டுறா. தோளுக்கு மேல திரும்பிப் பார்த்தா மட்டும் வண்டி அந்தப் பக்கமே போகுது. கூடங்குளம், உவரிப் பக்கம் கடல்காத்தில் ஓட்டுறவங்க இதை எப்படிப் பழகினீங்கன்னு எழுதுங்க.