சாயவேர் பற்றித் தெரிந்தவர்கள் உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. முல்லைத்தீவுப் பக்கம் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் பெண்களும் பள்ளிப் பிள்ளைகளும் சேர்ந்து துணியில் படம் வரைகிறோம். குளக்கட்டு மருதமரம், தாமரை, கொக்கு, பாலைப்பழம் பொறுக்கும் பிள்ளைகள் என்று கண்ணில் பட்டதெல்லாம் துணிக்கு வந்துவிடுகிறது. கடைச் சாயம் வேண்டாம், இந்த மண்ணின் நிறங்களே போதும் என்பது எங்கள் பிடிவாதம்.

கறுப்பு நன்றாக வருகிறது. துணியைக் கடுக்காய் நீரில் தோய்த்துக் காயவைக்கிறோம். பனங்கட்டி கரைத்த நீரில் துருப்பிடித்த இரும்பை நாட்கணக்கில் ஊறவைத்து, அந்தச் சாற்றால் வரைந்தால் கோடு கண்முன்னே கறுக்கும். பிள்ளைகள் வாய்பிளந்து பார்ப்பார்கள்! மஞ்சள்தான் வெயிலில் வெளிறிவிடுகிறது.

பெரிய சிக்கல் சிவப்பு. ஒல்லாந்தர் காலத்தில் மன்னாரிலும் வன்னியிலும் சாயவேர் தோண்டினார்கள்; துணிக்குச் சிவப்பு தந்த வேர் அது. அந்தச் செடியை அடையாளம் காட்டக்கூடிய பெரியவர்கள் உங்கள் வீட்டில் இருக்கிறார்களா? எந்தப் பருவத்தில் தோண்டுவது, படிகாரம் எவ்வளவு சேர்ப்பது என்று கேட்டுச் சொல்லுங்கள். ஒரு குரல்பதிவு போதும். செடியைத் தேடி, மிதிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள காட்டுக்குள் தயவுசெய்து யாரும் இறங்க வேண்டாம்.

பழைய வெள்ளைப் பருத்தி வேட்டி, சேலை இருந்தாலும் தாருங்கள்; பொலியெஸ்டர் கலந்த துணியில் இந்த நிறங்கள் சரியாகப் பிடிப்பதில்லை. வவுனியா, கிளிநொச்சியில் இருப்பவர்கள் உள்பெட்டியில் எழுதினால் நாங்களே வந்து வாங்கிக்கொள்வோம்.